என்ன குரூப் என்று கேட்காத கல்லூரி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“பொண்ணை எதுல போடப் போறே? எம்பிசியா, பைபிசியா?”

“இன்னும் முடிவு பண்ணலை மாமா. கணக்கும் நல்லாப் போடுறா. கையில கதைப் புத்தகமும் எப்பவும் இருக்கு.”

“கதையை லீவுல படிச்சிக்கட்டும். எம்பிசியில போடு.”

ஆந்திராவில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குப் பெயர் இன்டர். அதில் கணக்கோடு போனால் எம்பிசி, உயிரியலோடு போனால் பைபிசி. எல்லையைத் தாண்டித் திருத்தணியிலோ ஊத்துக்கோட்டையிலோ ப்ளஸ் ஒன் சேர்த்தால் அதே கேள்வி ‘ஃபர்ஸ்ட் குரூப்பா?’ என்று வரும். எந்தப் பக்கம் சேர்ந்தாலும் 15 வயதில் எடுத்த முடிவுதான் பி.டெக்கா, பி.எஸ்சியா, பி.காமா என்பதைத் தீர்மானிக்கிறது. நடுவில் மனசு மாறினால் அது அந்தப் பிள்ளையின் தலையெழுத்து.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது இந்த முடிவை 19, 20 வயதுவரை தள்ளிப்போட இடம் தரும் கல்லூரி. பெயரில் ஆர்ட்ஸ் இருப்பதால் அங்கே பி.ஏ. மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கணிதம், இயற்பியல், உயிரியல், கணினி எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, கொஞ்ச காலம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றில் உட்காரச் சொல்வார்கள். அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் அது நடக்க வேண்டும் என்றால் வகுப்பு சின்னதாக இருக்க வேண்டும், மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும், சேர்கிறவர்கள் பல தரப்பட்டவர்களாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பணம் வேண்டும். லிபரல் ஆர்ட்ஸ் பற்றிய எல்லா வாக்குவாதமும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

இதை இப்போது எழுதக் காரணம், அந்த வகைப் படிப்பு எங்கள் எல்லைக்கே வந்துவிட்டது. தடா தாண்டி ஸ்ரீசிட்டிக்குள் போனால், கார் கம்பெனி, சாக்லேட் கம்பெனி இருக்கும் அதே பேட்டையில் கிரியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018-இல் தொடங்கியது; இளநிலைப் படிப்பின் முதல் மாணவர்கள் 2019-இல் சேர்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பலருக்கு ஸ்ரீசிட்டி என்றால் ஷிஃப்ட் பஸ்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு கல்லூரி இருக்கிறது, அதில் இயற்பியலும் வரலாறும் ஒரே பிள்ளை படிக்கலாம் என்று சொன்னால், “அதைப் படிச்சி என்ன பண்றது?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

நான்கு வருஷத்தில் என்ன நடக்கும்

இந்த வகைக் கல்லூரியின் பழைய, அசல் மாதிரி ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வில்லியம்ஸ் கல்லூரி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே, வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிற தனியார் கல்லூரி. நான்கு ஆண்டு மாணவர்களையும் சேர்த்து எண்ணினாலும் ஏறத்தாழ 2,000 பேர்தான். முதுநிலைப் படிப்பு இரண்டே இரண்டு, அதுவும் கையடக்கமாக. பிஎச்.டி. கிடையாது. பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். ஆனால் அவர்களுடைய முதல் வேலை இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது. இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

அட்மிஷன் வாங்கும்போது எந்தத் துறை என்று எழுதிக் கொடுக்கும் கட்டாயம் இல்லை. செமஸ்டருக்கு நான்கு பாடம். பாடங்களை மூன்று பெரிய பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்: மொழியும் கலையும் ஒன்று, சமூக அறிவியல் சார்ந்தவை ஒன்று, அறிவியலும் கணிதமும் ஒன்று. ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று பாடமாவது எடுத்தாக வேண்டும். கணக்கில் புலியாக இருந்தாலும் மூன்று பாடம் கவிதையோ ஓவியமோ வேறு மொழியோ படித்தே தீர வேண்டும். கவிஞரானாலும் ஆய்வகத்தையோ கணக்கையோ எட்டிப் பார்க்காமல் தப்ப முடியாது. ஒரு முதலாண்டு மாணவியின் முதல் செமஸ்டர் கால்குலஸ், வேதியியல், அரபு மொழி, ஓவிய வரலாறு என்று இருக்கலாம். இரண்டாம் ஆண்டு முடிகிற வாக்கில்தான் ‘மேஜர்’, அதாவது முக்கியத் துறை, எது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் துறையில் ஆழமாகப் போவார்கள். ஜனவரி மாதம் மட்டும் தனி: ஒரே ஒரு பாடம், மார்க் கெடுபிடி இல்லாமல், வழக்கத்துக்கு மாறான ஏதாவது ஒன்று.

இங்கே பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, எதிலும் ஆழமில்லாமல் வெளியே வருவார்கள் என்று. மேஜர் என்று ஒன்றை எடுத்த பிறகு அந்தத் துறையில் படிக்கிற அளவு குறைவில்லை; அங்கிருந்து நேராகப் பிஎச்.டி.க்குப் போகிறவர்கள் நிறைய. குறைவது வேறு: முதல் ஆண்டிலிருந்தே ஒரே துறையின் பேப்பர்களை வரிசையாக எழுதித் தள்ளும் அந்த ஒற்றைத்தடம்.

வில்லியம்ஸில் ‘டுடோரியல்’ என்று ஒரு வகுப்பு முறை உண்டு. ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்கள். ஒரு சந்திப்பில் மொத்தமே மூன்று பேர். வாரம் ஒருமுறை ஒரு மாணவர் சில பக்கக் கட்டுரை எழுதி வந்து வாசிப்பார். மற்றவர் அதில் ஓட்டை எங்கே என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். பேராசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். படிக்காமல் போய்க் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் கடைசி பெஞ்சு என்று ஒன்று கிடையாது. இன்டரில் 80, 100 பேர் அடைந்து உட்கார்ந்து, டெஸ்ட், ரேங்க், மறுபடி டெஸ்ட் என்று இரண்டு வருஷம் ஓட்டிய பிள்ளைக்கு இது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

மார்க் ஹாப்கின்ஸ் என்பவர் 1836 முதல் 1872 வரை அந்தக் கல்லூரியின் தலைவர். அவரிடம் படித்த ஜேம்ஸ் கார்ஃபீல்டு பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். ஒரு மரக்கட்டையின் ஒரு முனையில் ஹாப்கின்ஸும் மறுமுனையில் ஒரு மாணவனும் உட்கார்ந்தால் போதும், அதுவே கல்லூரி என்ற பொருளில் கார்ஃபீல்டு பேசியதாக ஒரு பேச்சு அங்கே வழிவழியாக வருகிறது. திண்ணைப் பள்ளிக்கூடம் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால் திண்ணை வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும். இங்கே அவர் சொன்னதை மறுத்துப் பேசினால்தான் மார்க்.

சரி, பல துறை படித்து என்ன பயன்? வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், நகரியையே எடுத்துக்கொள்வோம். விசைத்தறியும் சாயப்பட்டறையும் அங்கே பலருக்குச் சோறு. அதே சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்குகிறது என்பது பழைய புகார். அந்த ஆற்றுப் படுகை கொசஸ்தலை வழியாகப் பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது. அது சென்னையின் குடிநீர். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேதியியல் வேண்டும். சுத்திகரிப்பு வைத்தால் மீட்டருக்கு எவ்வளவு கூடும், பத்துத் தறி வைத்திருக்கிறவர் தாங்குவாரா என்று சொல்லப் பொருளியல் வேண்டும். பட்டறை ஆந்திராவில், குடிக்கிறவர் தமிழ்நாட்டில் என்றால் யாரிடம் வழக்குப் போடுவது என்பது சட்டம். பட்டறைக்காரரிடம் தமிழிலும், ஆபீசில் தெலுங்கிலும், அறிக்கையில் ஆங்கிலத்திலும் பேச ஆள் வேண்டும். இந்த நான்கையும் ஒரே ஆள் முழுசாகக் கற்க முடியாது. ஆனால் ஒன்றை ஆழமாகப் படித்தவர் மற்ற மூன்றும் பேசப்படும்போது காதில் வாங்கத் தெரிந்தவராக இருந்தால் வேலை நடக்கும். லிபரல் ஆர்ட்ஸ் தரப்பு வைக்கும் வாதங்களிலேயே எனக்குச் சரியென்று படுவது இது ஒன்றுதான். ‘முழு மனிதனை உருவாக்குகிறோம்’ போன்ற விளம்பர வாசகங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

யார் உள்ளே, யார் வெளியே

வகுப்பில் மூன்று பேர், பத்துப் பேர் என்றால் பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்பது முக்கியமாகிவிடுகிறது. 100 பேர் கூடத்தில் அது பொருட்டே இல்லை. பேசுவது ஆசிரியர் மட்டும்தானே. இங்கே பாதிப் பாடம் சக மாணவர் வாயிலிருந்து வருகிறது. அதனால்தான் இந்தக் கல்லூரிகள் தங்கள் மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் உதவித்தொகையில் படிக்கிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே போடுகின்றன. மாணவர் கூட்டமும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்தக் கூட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. வில்லியம்ஸின் கதை 1755-இல் தொடங்குகிறது. எஃப்ரைம் வில்லியம்ஸ் என்ற படைத்தளபதி அந்த வருஷம் லேக் ஜார்ஜ் சண்டையில் செத்துப்போனார். போவதற்கு முன் எழுதிய உயிலில், அந்த மலையூருக்குத் தன் பெயர் வைத்தால் இலவசப் பள்ளி தொடங்கத் தன் சொத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். பள்ளி திறக்க 1791 ஆகிவிட்டது. 1793-இல் அதுவே கல்லூரியானது. 1821-இல், ஊர் ரொம்ப ஒதுக்குப்புறம், இங்கே கல்லூரி நிலைக்காது என்று கல்லூரித் தலைவரே சில மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போய் ஆம்ஹர்ஸ்ட் என்ற இன்னொரு கல்லூரியைத் தொடங்கிவிட்டார். இரண்டும் இன்றுவரை பங்காளிச் சண்டை போடும் கல்லூரிகள்; விளையாட்டு மைதானத்தில் அது நன்றாகத் தெரியும்.

ஆரம்பத்தில் மாணவர்கள் எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் ஆண்கள். முதல் கறுப்பின மாணவர் கேயஸ் போலின் பட்டம் வாங்கியது 1889-இல். கல்லூரி தொடங்கி 96 ஆண்டு கழித்து. பெண்களைச் சேர்க்க 1970-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை காத்திருந்தார்கள். இதில் ஓபர்லின் கல்லூரி எவ்வளவோ முந்தி: ஒஹாயோ மாநிலத்தில் 1833-இல் தொடங்கி, 1835-இலேயே கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்து, 1837-இல் பெண்களையும் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டது. கென்டக்கியில் இருக்கும் பெரியா கல்லூரி இன்னும் ஒரு படி மேலே. கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் கல்லூரியில் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். ஆக, தனியார் லிபரல் ஆர்ட்ஸ் என்றாலே பணக்காரப் பிள்ளைகளுக்கு என்று எந்த விதியும் இல்லை. அப்படி ஆக்கியது அவரவர் எடுத்த முடிவு.

1960-கள் வரை வில்லியம்ஸில் மாணவர் வாழ்க்கையை நடத்தியது ‘ஃப்ரடர்னிட்டி’ எனப்படும் சங்கங்கள். தங்குவது, சாப்பிடுவது எல்லாம் அந்தந்தச் சங்கத்தின் வீட்டில். யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்று மாணவர்களே முடிவு செய்வார்கள். யூதர், கறுப்பர், பெயரெடுக்காத குடும்பத்துப் பையன் எல்லாம் வெளியே நிற்க வேண்டியிருந்தது. சாதிச் சங்க ஹாஸ்டல்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 1962-இல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், நன்கொடையை நிறுத்துவோம் என்றார்கள். ஆனாலும் கல்லூரி அந்தச் சங்கங்களை ஒழித்துக் கட்டியது. இன்று முதலாண்டு மாணவர்களை இருபது பேர் சொச்சம் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவோடும் மூன்றாமாண்டு மாணவர்கள் இருவரைத் தங்க வைக்கிறார்கள். யார் யாரோடு தங்குவது என்பதை இப்போது முடிவு செய்வது கல்லூரி. வகுப்பை மாற்றுவதைவிட ஹாஸ்டலை மாற்றுவது கஷ்டம் என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பணத்துக்கு வருவோம். அங்கே ஒரு வருஷத்துக்கு முழுக் கட்டணம், தங்கும் செலவு உட்பட, 80,000 டாலரைத் தாண்டுகிறது. கேட்டால் தலை சுற்றும். ஆனால் மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உதவித்தொகை வாங்குகிறவர்கள். குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் பார்த்து மிச்சத்தைக் கல்லூரி தருகிறது. 2022 முதல் அந்த உதவியில் கடன் என்ற பேச்சே இல்லை, வேலை செய்து ஈடுகட்டு என்பதும் இல்லை, முழுக்க மானியம். எங்கிருந்து வருகிறது பணம்? 200 வருஷமாகப் பழைய மாணவர்கள் கொடுத்துச் சேர்த்த நிதி, இன்று 300 கோடி டாலருக்கு மேல்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் 2017-இல் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் குடும்ப வருமானத்தை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 38 கல்லூரிகளில், வருமானத்தில் மேலே இருக்கும் 1 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள், கீழே இருக்கும் 60 சதவீதத்திலிருந்து வந்தவர்களைவிட அதிகம். கல்லூரி தாராளமாகத்தான் உதவுகிறது. ஆனால் அந்த வாசல்வரை ஏழை வீட்டுப் பிள்ளை வந்து சேர்வதில்லை. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, இந்தக் கல்லூரிகள் தங்கள் மாணவர் கூட்டத்தை எப்படிப் பலதரப்பட்டதாக வைத்துக்கொள்வது என்று கையைப் பிசைகின்றன.

வைக்கோல் போரிலிருந்து வேலூர் வரை

1806 ஆகஸ்டில் ஒரு நாள், வில்லியம்ஸ் மாணவர்கள் ஐந்து பேர் வெளியே பேசிக்கொண்டிருக்கும்போது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த வைக்கோல் போருக்கடியில் ஒதுங்கினார்கள். கடல் தாண்டிப் போய் மத ஊழியம் செய்ய வேண்டும் என்று அங்கே பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் ஒன்று உருவானது. இன்றும் அந்த இடத்தில் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

அந்தச் சங்கத்தார் 1816-இல் வந்து இறங்கியது யாழ்ப்பாணத்தில். 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். தமிழ் இளைஞருக்கு இலக்கியமும் அறிவியலும் கற்பிக்கும் கல்லூரி என்பது அவர்கள் போட்ட திட்டம்: தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் சேர்த்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் அங்கே படித்தவர்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்று நாம் கொண்டாடும் தாமோதரம் பிள்ளை ஒரு வகையில் லிபரல் ஆர்ட்ஸ் மாணவர் என்று சொன்னால் தப்பில்லை. படிப்பு நன்றாக இருந்ததே வினையாயிற்று. பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்று மேலிடம் சலித்துக்கொண்டு 1855-இல் மூடிவிட்டது.

அதே சங்கத்தின் வழியாக 1834-இல் மதுரை மிஷன் வந்தது. அதிலிருந்து 1881-இல் அமெரிக்கன் கல்லூரி. அதே சங்கத்தின் மருத்துவராக முதலில் இலங்கைக்கு வந்த ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர், சித்தூர், மதனப்பள்ளி என்று எங்கள் எல்லை முழுக்க அதன் கால்தடம் உண்டு. அந்த மிஷனின் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனவர்தான் 1888-இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன்.

அவர் ஏன் தத்துவம் எடுத்தார் என்பதற்கு ஒரு கதை பலரும் சொல்வார்கள். புத்தகம் வாங்கக் காசில்லை, உறவுக்காரப் பையன் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன, அதனால் தத்துவம். நாட்டின் பெரிய தத்துவப் பேராசிரியர் துறையைத் தேர்ந்தெடுத்த லட்சணம் இது! நல்லவேளை, கிடைத்த புத்தகம் அவருக்குப் பொருந்தியது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த புத்தகம் தாவரவியலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு ஏன் இங்கே நிலைக்கவில்லை

மூதாதை ஒன்றுதான் என்றால், நம் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரிகள் ஏன் வில்லியம்ஸ் மாதிரி ஆகவில்லை? ஆசிரியர்களில் குறையில்லை, நிர்வாக ஏற்பாட்டில் இருக்கிறது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்தார்கள். அது தேர்வு நடத்தும் அமைப்பு. பாடத்திட்டம் அங்கே முடிவாகும், கேள்வித்தாள் அங்கே தயாராகும், கல்லூரி பாடத்தை மட்டும் நடத்தும். ஆயிரம் மைல் பரப்பில் எல்லோருக்கும் ஒரே தேர்வு என்றால், ஒரு மாணவி வேதியியலோடு அரபு மொழியும் ஓவிய வரலாறும் சேர்த்துப் படிப்பேன் என்று சொல்ல வழியே இல்லை. ‘இணைப்பு’ என்ற அந்த ஒரே கயிற்றில் கல்லூரியின் உயிர் தொங்கியது.

அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதை மதனப்பள்ளி பார்த்தது. 1915-இல் அன்னி பெசன்ட் அங்கே ஒரு தியாசபிகல் கல்லூரியைத் தொடங்கினார். ஹோம் ரூல் இயக்கத்தில் கல்லூரி ஈடுபட்டதால் பல்கலைக்கழக இணைப்பு பறிபோனது. சிறிது காலம் பெசன்ட் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடந்தது. அதற்கு வேந்தர் தாகூர். 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அப்போது அந்தக் கல்லூரியில் இருந்தார். அவருடைய மனைவி மார்கரெட் கசின்ஸ் இசை படித்தவர். தாகூர் பாடிய ‘ஜன கண மன’வின் மெட்டை இசைக்குறிப்பாக எழுதி வைத்தார். தாகூர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அங்கேதான். கவிஞரும் இசைக்கலைஞரும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலிருந்தே காட்டக்கூடிய சாட்சி. ஆனால் பட்டம் செல்ல வேண்டுமே. பிற்பாடு அந்தக் கல்லூரியும் வழக்கமான இணைப்புக்குள் திரும்பியது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-49-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அதே ராதாகிருஷ்ணன். துறைப் படிப்போடு பொதுக் கல்வியும் எல்லா மாணவருக்கும் வேண்டும், அறிவியல் மாணவர் இலக்கியமும் கலை மாணவர் அறிவியலும் படிக்க வேண்டும் என்பது அறிக்கையின் முக்கியமான யோசனைகளில் ஒன்று. நடைமுறையில் அது பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்பதோடு சுருங்கிப்போனது. 1978-இல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, மதுரை அமெரிக்கன் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி போன்றவை பாடத்திட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தின. வேறு துறைப் பாடம் ஒன்றிரண்டு எடுக்க முடிந்தது. அதற்கு மேல் போகவில்லை.

புதிய அலை இந்த நூற்றாண்டில்தான். ஹரியானா மாநிலத்துச் சோனிபத்தில் அசோகா பல்கலைக்கழகம் 2014-இல். பிறகு ஸ்ரீசிட்டியில் கிரியா. கிரியாவின் முதல் துணைவேந்தர் சுந்தர் ராமசாமி, அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். 1800-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியும் வில்லியம்ஸ் வகையறாதான். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்து 1862-இல் வெளியிட்ட மிரன் வின்ஸ்லோவும் மிடில்பரியில் படித்தவர் என்பது போகிற போக்கில் ஒரு சேதி. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்தையும் பலதுறைப் படிப்பையும் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக்கப் பார்க்கிறது: ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமா, மூன்றில் பட்டம், நான்கில் ஹானர்ஸ். தாளில் எளிது. ஆனால் 60 பேர் வகுப்புக்கு ஓர் ஆசிரியர், பாதிப் பணியிடம் காலி என்றிருக்கும் கல்லூரியில், ‘மைனர்’ (துணைப்பாடம்) என்று ஒரு பெயரை மட்டும் சேர்த்தால் அது லிபரல் ஆர்ட்ஸ் ஆகிவிடாது. டைம்டேபிளில் எந்த ஆசிரியருக்கு அந்த நேரம் காலியோ அந்தப் பாடம்தான் மாணவருக்கு வந்து வாய்க்கும்.

சேர்ப்பதற்கு முன்

இந்தியத் தனியார் லிபரல் ஆர்ட்ஸ் படிப்பின் செலவு வருஷத்துக்குப் பல லட்சம். உதவித்தொகை உண்டு, ஆனால் 200 வருஷ நிதி கையில் இல்லாததால் அமெரிக்க அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. கட்டண அட்டவணையைப் பார்த்தவுடன் திரும்பி வந்துவிட வேண்டாம், அதையே நம்பியும் இருக்க வேண்டாம். மாணவர்களில் எத்தனை பங்கு உதவி வாங்குகிறார்கள், முழு உதவி எத்தனை பேருக்கு, இரண்டாம் ஆண்டில் அது தொடர என்ன மார்க் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

மொழி இன்னொரு தடை. 1960-இல் எல்லை மறுபடி வரையப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போக, சத்தியவேடு வட்டாரம் ஆந்திரப் பக்கம் வந்தது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்தக் கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டுரை, நேர்காணல், வகுப்பு விவாதம் எல்லாம் ஆங்கிலம். புத்திசாலிப் பிள்ளை முதல் செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியதே. எழுதக் கற்றுக்கொடுக்கத் தனி மையம் இருக்கிறதா, முதலாண்டு மார்க்கில் சலுகை உண்டா என்பதையும் விசாரியுங்கள். இருமொழிப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவரும் சரக்கு என்ன என்பதைப் பேராசிரியர்கள் புரிந்துகொண்டால் நல்லது. எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

வேலை? கேம்பஸ் இன்டர்வியூவில் கன்சல்டிங், டேட்டா, பத்திரிகை, தொண்டு நிறுவனம், மேல்படிப்பு என்று பிரிந்து போவார்கள். சிவில் சர்வீஸ் எழுத எந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் போதும். சிக்கல் ஆசிரியர் வேலையில்தான். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் ஆந்திர அரசின் ஆசிரியர் தேர்வான டிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருப்பார். அந்த வேலைக்கும் பி.எட். சேர்க்கைக்கும் பட்டத்தில் எந்தப் பாடம், எத்தனை தாள் என்று பார்ப்பார்கள். பட்டச் சான்றிதழில் புதுமாதிரிப் பெயரில் ஒரு மேஜர் இருந்தால், இது கணிதத்துக்குச் சமமா, சமூக அறிவியலுக்குச் சமமா என்று ஆபீஸ் ஆபீஸாக அலைய நேரும். பிள்ளைக்கு வாத்தியார் வேலை நோக்கம் கொஞ்சமாவது இருந்தால், மேஜரை வழக்கமான பெயருள்ள துறையாக எடுக்கச் சொல்லுங்கள்: கணிதம், வேதியியல், வரலாறு, ஆங்கிலம் என்று. புதுமையெல்லாம் மைனரில் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் எத்தனை என்று தனித்தனியாக அச்சாகிறதா என்பதை முதலாண்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருஷம் கழித்துக் கேட்டால் திருத்தித் தர மாட்டார்கள்.